கேட்பவனுக்கு இலவசம்! வாசிப்பவனுக்கு?

மாலை நேரம். வேலை முடித்த கைகள், கழுவிய முகங்கள், தோளிலே தூங்கத் துடிக்கும் பிள்ளைகள். ஊரே பூங்காவை நோக்கிப் போகிறது. அங்கே மேடை. மேடையிலே பித்தளைக் குழல்கள் மின்ன, பேண்டு வாத்தியக் குழுவினர் அமர்ந்திருக்கின்றனர். "சீட்டு எங்கே?" என்று வழிமறிக்க வாயிற்காவலன் இல்லை. "பத்து ரூபாய்க்காரன் பின்னால் போ, ஆயிரம் ரூபாய்க்காரர் முன்னால் வருக" என்று விலை வைத்து வகுத்த வரிசை இல்லை. வந்தவன் அமர்கிறான். அமர்ந்தவன் கேட்கிறான். கேட்டவன், கவலையைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புகிறான்.

எந்த ஊர் என்கிறீர்களா, தோழர்களே? இலண்டனா? பாரீசா? பளிங்கு மாளிகைகள் நிறைந்த பெருநகரமா? அல்ல! அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்திலே போர்ட் டாட்ஜ் என்றொரு சிறு நகரம். மண்ணைத் தோண்டி ஜிப்சம் எடுக்கும் ஊர். மக்கள் தொகை இன்றைக்கும் ஏறத்தாழ 25 ஆயிரம்தான். நம் நாட்டுக் கணக்கிலே ஒரு சின்ன நகராட்சி! அங்கே 1920ஆம் ஆண்டு கார்ல் கிங் என்பவர் வந்து சேர்ந்தார். மன்னர் அவைக்கு வாசித்தவரல்ல; சர்க்கஸ் கூடாரத்திலே, யானையும் குதிரையும் கோமாளியும் வரும் நேரத்திற்கு ஏற்றபடி வாத்தியம் முழக்கியவர். அந்தச் சர்க்கஸ்காரர், 1971இல் கண் மூடும் வரையில், அரை நூற்றாண்டுக் காலம், அந்தச் சிற்றூரின் வாத்தியக் குழுவை நடத்தினார். அந்தக் குழு அவர் பெயரையே தாங்கி நின்றது.

கேட்டவர்களுக்கு இலவசம். சரி. வாசித்தவர்களுக்கு? அவர்கள் வயிற்றுக்கு? அங்கேதான் இருக்கிறது, நாம் கற்க வேண்டிய பாடம்.

யார் வீட்டுக் காசு?

வள்ளல் ஒருவர் வாரி வழங்கினார் என்று நினைக்க வேண்டாம். வள்ளல் கொடுத்தால் வள்ளலின் பெயரைப் பாட வேண்டும். வள்ளலுக்குத் தலைவலி வந்தால் கச்சேரிக்கும் தலைவலி வரும்! வள்ளலின் மகனுக்கு இசை பிடிக்காவிட்டால் வாத்தியங்கள் மூலைக்குப் போகும்.

1921இல் அயோவா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஊர் மக்கள் விரும்பினால், வாக்கெடுப்பு நடத்தி, "ஆம், எங்களுக்கு இசை வேண்டும்" என்று ஒப்புதல் தந்தால், நகராட்சி சிறியதொரு வரி விதித்து வாத்தியக் குழுவை வைத்து நடத்தலாம். அவ்வளவுதான் சட்டம். ஆனால் எத்துணைப் பெரிய எண்ணம்! வேறு சில மாநிலங்களும் அந்த வழியைப் பின்பற்றின.

"இசைக்கா வரி? இது என்ன வீண் செலவு?" என்று கேட்கும் சிக்கன சிகாமணிகள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அவர்களைக் கேட்கிறேன். தெருவிளக்கின் கீழே நடப்பவனிடம் சீட்டுக் கேட்கிறோமா? பூங்கா மர நிழலில் ஒதுங்கியவனிடம் வாடகை வாங்குகிறோமா? நூலகத்திலே ஏடு புரட்டுபவனிடம், பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோமா? இல்லை! ஏன்? எல்லோரும் சேர்ந்து கொடுத்தோம். எல்லோரும் சேர்ந்து பயன்பெறுகிறோம். கண்ணுக்கு விளக்கு பொதுவென்றால், காதுக்கு இசை பொதுவாகக் கூடாதா? எட்டு மணி நேரம் உழைக்கிறான், எட்டு மணி நேரம் உறங்குகிறான். மிச்சமுள்ள எட்டு மணி நேரத்திலே அவன் மனிதனாக வாழ வேண்டாமா? சாராயக் கடை வாயில் மட்டும் அவனுக்காகத் திறந்திருந்தால் போதுமா?

தன் தட்டே தனக்குப் பகை!

இன்னொரு கதை கேளுங்கள். இது தொழிலாளர் கதை. ஆகவே நம் கதை.

ஊமைப் படம் ஓடிய நாட்களில், அமெரிக்கக் கொட்டகைகளிலே திரைக்கு முன்னால் அமர்ந்து வாத்தியக்காரர்கள் வாசித்தனர். 1927இல் படம் பேசத் தொடங்கிற்று. படம் வாய் திறந்தது. வாத்தியக்காரன் வாயிலே மண் விழுந்தது! ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதோடு நின்றதா? வானொலி நிலையங்கள் இசைத்தட்டைச் சுழல விட்டன. உணவு விடுதிகளிலே காசு போட்டால் பாடும் பெட்டிகள் வந்தன. ஒரு நாள் அறைக்குள் அமர்ந்து வாசித்துவிட்டு, ஒரு நாள் கூலி வாங்கினான் கலைஞன். அந்தத் தட்டு ஓராயிரம் ஊரில், ஓராயிரம் நாள் பாடிற்று. எந்தக் கடைக்கு அந்தத் தட்டு போனதோ, அந்தக் கடைக்காரன் சொன்னான்: "இனி நீ வேண்டாம். உன் தட்டு போதும்!"

என்ன கொடுமை பாருங்கள்! நெசவாளியின் வேலையைப் பறித்த எந்திரத்தை நெசவாளி செய்யவில்லை. இசைவாணனின் வேலையைப் பறித்த பொருளையோ, இசைவாணனே தன் மூச்சைக் கொடுத்து, தன் விரலைக் கொடுத்து உருவாக்கினான்! தன் தட்டே தனக்குப் பகை!

சிக்காகோ நகரத்திலே ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ என்றொருவர். இத்தாலியிலிருந்து குடியேறிய, சாக்கடைத் தொழில் பார்த்த தகப்பனுக்கு 1892இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவரை நான்காம் வகுப்போடு வழியனுப்பிவிட்டது. எக்காளம் ஊதினார். எக்காளத்தைவிட ஓங்கி ஒலித்தது, சங்கத்திலே அவர் குரல்! அந்நகர இசைவாணர் சங்கத்தின் தலைவரானார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரத்தில், 1935இல், சிக்காகோவின் கிராண்ட் பூங்காவிலே இலவச இசை நிகழ்ச்சிகள் தொடங்க வழி செய்தார். ஏழைக்கு இசை கிடைத்தது. இசைவாணனுக்குக் கூலி கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு கனி! அந்தப் பூங்கா இசைவிழா, தலைமுறைகளைத் தாண்டி இந்த நூற்றாண்டிலும் நடந்து வருகிறது.

1940இல் அவர் அமெரிக்க இசைவாணர் சம்மேளனத்தின் தலைவரானார். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடங்கிய சங்கம். 1942 ஆகஸ்டு 1ஆம் நாள் அறிவித்தார் போராட்டத்தை! மேடையிலே வாசிப்போம், வானொலியிலே நேரில் வாசிப்போம், தட்டுக்கு மட்டும் வாசிக்க மாட்டோம்! தட்டு விற்றுக் கொழுக்கும் நிறுவனங்களே, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். வேலையிழந்த கலைஞர்க்கு அதிலிருந்து வேலை கொடுப்போம். இதுதான் கோரிக்கை.

சீறினர் சீமான்கள். "சர்வாதிகாரி" என்றன பத்திரிகைகள். பெயரிலேயே சீசர் இருக்கிறதே, விடுவார்களா? "போர்க் காலத்திலே வேலை நிறுத்தமா? துரோகம்!" என்றனர். போர்வீரர்களுக்கென்று தனியே அனுப்பப்பட்ட தட்டுகளுக்குச் சங்கம் விலக்குக் கொடுத்ததைச் சொல்ல மட்டும் மறந்தனர்! பாடகர்கள் அந்தச் சங்கத்தில் சேராதவர்கள். ஆகவே நிறுவனங்கள், வாத்தியமே இல்லாமல், பின்னணியிலும் பாட ஆள் வைத்துத் தட்டுப் போட்டுப் பார்த்தன. தவில் இல்லாத நாதசுரக் கச்சேரி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

1943இல் டெக்கா நிறுவனம் பணிந்தது. கொலம்பியாவும் விக்டரும் வீம்பு பிடித்தன. 1944 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே, போராட்டத்தை முடித்துக்கொள்ளும்படி கேட்டார். முடிக்கவில்லை! அடுத்த மாதமே அந்த இரு பெரு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. தட்டுக்குப் பங்கு, தனி நிதி, அந்த நிதியிலிருந்து ஊர்தோறும் இலவச இசை.

முதலாளி உலகம் சும்மா இருக்குமா? 1947இல் வந்தது டாப்ட் - ஹார்ட்லி சட்டம். சங்கத்தின் கையில் உள்ள இத்தகைய நிதிக்கு நிறுவனங்கள் பணம் கட்டும் வழியை அது அடைத்தது. 1948 சனவரியில் மீண்டும் தட்டுக்கு வாசிப்பது நின்றது. டிசம்பரிலே உடன்பாடு. நிதி சங்கத்திடமும் இல்லை, நிறுவனத்திடமும் இல்லை. பொதுவான பொறுப்பாளர் ஒருவரிடம்! நிறுவனம் பணம் கட்டும். பொறுப்பாளர் செலவிடுவார். கலைஞனுக்குச் சங்கம் வகுத்த கூலி. கேட்பவனுக்குக் கட்டணமே கிடையாது. பூங்காவிலே, பள்ளியிலே, மருத்துவமனையிலே, அமெரிக்காவிலும் கனடாவிலும், பேர் தெரியாத சிற்றூர்களிலே எல்லாம் இசை ஒலித்தது. எந்த எந்திரம் வேலையைப் பறித்ததோ, அந்த எந்திரமே வேலை கொடுக்க வேண்டியதாயிற்று!

குறையும் சொல்வோம்

நல்லது சொன்னவன் அல்லதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கத்திலும் தீண்டாமை இருந்தது, தோழர்களே! நகரங்கள் பலவற்றில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு வேறு கிளை. பெட்ரில்லோவின் சிக்காகோவிலேயே 10ஆம் எண் சங்கம் வெள்ளையருக்கு, 208ஆம் எண் சங்கம் கறுப்பருக்கு. இரண்டும் ஒன்றானது 1966இல்தான்! அமெரிக்க இசைக்கு உயிர் ஊட்டியவர்கள் கறுப்பர். அவர்களுக்குச் சங்கத்திலே தனி வாசல்! முதலாளியை எதிர்த்து முழங்கிய நாக்கு, நிறவெறியைக் கண்டபோது நெடுங்காலம் உறங்கிற்று. பறையடிப்பவனை ஊர்க்கோடியில் நிறுத்திவிட்டுப் பண்பாடு பேசிய நாட்டிலே பிறந்த நமக்கு, இந்த நோய் புதிதா?

இன்னொரு குறை. 1950களில், ஆலிவுட் படப்பிடிப்பு நிலையங்களில் வாசித்த கலைஞர்கள் பெட்ரில்லோவை எதிர்த்தே கிளம்பினர். "எங்கள் உழைப்பின் பங்கை எங்களைக் கேளாமல் நிதிக்கு எடுத்துப் போவதா?" என்றனர். 1958இல் தனிச்சங்கமே கண்டனர். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு தொழிலாளியின் இலையில் உள்ளதை எடுத்து மற்றொரு தொழிலாளியின் இலையில் வைப்பது சமதர்மம் ஆகாது. எடுக்க வேண்டிய இடம் வேறு! பிற்காலத்தில் தட்டு விற்பனை சரிந்தபோது அந்த நிதியும் சுருங்கிற்று. எந்திரம் மாறும்போது உரிமைச் சீட்டையும் மாற்றி எழுத வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கை.

நம் வீட்டு வாசல்

இனி, நம் ஊருக்கு வருவோம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலே ஒரு திருமண ஊர்வலம். நாதசுர வித்துவான் மதுரை சிவக்கொழுந்து வாசித்து வருகிறார். வழியும் வியர்வையைத் துடைக்கத் தோளிலே ஒரு துண்டு. அந்தத் துண்டு கண்ணை உறுத்திற்று, செல்வச் சீமான்களுக்கு! எடு துண்டை என்றனர். எடுக்காதே என்றார் பட்டுக்கோட்டை அழகிரி. நாடறிந்த நிகழ்ச்சி அது. வாசிப்பு வேண்டும், வாசிப்பவன் மானம் வேண்டாம் என்றது அந்த நாள் உலகம். மானத்தை மீட்டது சுயமரியாதை இயக்கம். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையோடு, மேடையில் நிமிர்ந்து அமர்ந்து, நாதசுரத்துக்கே ஒரு சிம்மாசனம் தேடித் தந்தார்.

மொழிக்கும் அப்படியே போராட வேண்டியிருந்தது. 1941இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு; 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம். 1946இல் திருவையாற்றிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கு மேடையே தீட்டாகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. "தீட்டாயிடுத்து" என்ற தலைப்பையே சாட்டையாக்கி, இளைஞர் கருணாநிதி 'குடிஅரசு' ஏட்டிலே கட்டுரை தீட்டினார்.

துண்டு தோளில் நின்றது. தமிழ் மேடை ஏறியது. இரண்டு போரிலும் வென்றோம். மூன்றாவது போர் ஒன்று மிச்சமிருக்கிறது, தோழர்களே. அது கூலிப் போர்!

கோயில்களிலே இன்று மின்விசையால் இயங்கும் மேள எந்திரத்தைப் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தானே முழங்குகின்றன. எந்திரம் கூலி கேட்காது, துண்டும் போடாது! திருமண மண்டபங்களிலே, பதிவு செய்த நாதசுரம் ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. மாவட்டத் தலைநகர்கள் பலவற்றில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் என்று கற்றுத் தருகின்றன. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் கற்று வெளியே வருகின்றனர். வந்து எங்கே வாசிப்பது? சென்னை மார்கழியின் மண்டபப் படிக்கட்டுகள் எத்தனை பேருக்கு எட்டும்?

நம்மையும் கொஞ்சம் கண்ணாடியில் பார்த்துக்கொள்வோம். ஒரு பொதுக்கூட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். கூட்டம் சேரும் வரையில் பறையிசைக் குழுவினர் ஆடுகின்றனர். வியர்வை ஆறாய் ஓடுகிறது. தூரத்திலே தலைவரின் கார் விளக்குத் தெரிகிறது. "நிறுத்து, நிறுத்து!" என்று ஒரு கை ஆடுகிறது. பாதி அடியில் பறை நிற்கிறது. அப்புறம் ஒலிவாங்கியிலே அறிவிப்பு: "கலைக்குழுவினருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது." கைதட்டல். முடிந்தது! மறுநாள் காலை அந்தக் கலைஞன் வீட்டு அடுப்பிலே எதை வைப்பான்? பொன்னாடையையா?

தோளிலிருந்த துண்டை எடுக்கச் சொன்னவன் கொடியவன் என்றோம். சரிதான். தோளிலே துண்டைப் போர்த்திவிட்டு மடியிலே காசு வைக்காதவனை என்ன சொல்வது?

நாகூர் அனிபாவின் குரல் இல்லாமல் நம் கூட்டங்கள் களைகட்டிய காலம் உண்டா? பேச்சாளர் வருமுன்னே பாட்டு வந்து, கொள்கையை நெஞ்சுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாட்டாலே வளர்ந்த இயக்கம், பாட்டுக்காரனைக் கூட்டம் சேர்க்கும் கருவியாக மட்டும் கருதலாமா?

என்ன செய்யலாம்?

மாதம் ஒரு நாள். ஒவ்வொரு சிறு நகரத்திலும், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, நகராட்சிப் பூங்காவிலோ பள்ளித் திடலிலோ, இரண்டு மணி நேரம் இசை. ஒரு மாதம் நாதசுரம் தவில். ஒரு மாதம் பறையும் நையாண்டி மேளமும். ஒரு மாதம் வில்லுப்பாட்டு. ஒரு மாதம் இசைப்பள்ளிப் பிள்ளைகள். ஒரு மாதம் பேண்டு வாத்தியக்காரர்கள். சீட்டு இல்லை, சிறப்பு நாற்காலி இல்லை, இடையிலே சொற்பொழிவு இல்லை. ஆம், நான் பேச்சாளன்தான். நானே சொல்கிறேன், அன்று ஒரு நாள் நாம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறப்போம்!

காசுக்கு எங்கே போவது? நகராட்சி மன்றங்களிலே நம் தோழர்கள் இருக்கிறார்கள். திடலும் விளக்கும் ஒலிபெருக்கியும் நகராட்சி தரட்டும். அது கேட்டுப் பெற வேண்டிய உரிமை. மிச்சம் உள்ளது கூலி. கணக்குப் போடுவோம். ஊரிலே 500 பேர், ஆளுக்கு மாதம் 20 ரூபாய். பத்தாயிரம் ரூபாய். ஐந்து கலைஞர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய். ஒரு தேநீரும் ஒரு வடையும் குறையும் நமக்கு. ஒரு குடும்பத்தின் மளிகைக் கடன் அடையும் அவர்களுக்கு. நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, உறையிலே வைத்து, கணக்கு எழுதிக் கையிலே கொடுக்க வேண்டும். "நாளைக்கு வா" என்ற சொல் கூடாது. உறையைக் கொடுத்த பிறகு பொன்னாடை போர்த்துங்கள். அழகாக இருக்கும்!

நிதியை ஒரே ஆள் கையில் வைக்க வேண்டாம். தொழிற்சங்கத்தவர் ஒருவர், கலைஞர் ஒருவர், கட்சி சாராத ஆசிரியர் ஒருவர். கணக்கு, திடலின் பலகையிலே எழுதப்படட்டும். நம் கட்சிக்காரர் அல்லாத கலைஞருக்கும் முறை வரட்டும். தவிலுக்குக் கட்சி இல்லை. பறையைப் பின்வரிசையில் நிறுத்தாமல், நாதசுரம் ஏறும் அதே மேடையில், அதே கூலியில் ஏற்றுங்கள். சிக்காகோ சங்கம் தவறிய இடத்திலே நாம் தவறக் கூடாது.

இன்னும் பெரிய கோரிக்கை ஒன்றும் உண்டு. இன்று தட்டு இல்லை. கைப்பேசியிலே பாட்டு வழிகிறது. பாட்டால் கோடிகள் குவிக்கும் நிறுவனங்கள், கூலியற்றுக் கிடக்கும் கலைஞனுக்கு ஒரு பங்கு தர வேண்டாமா? 1942இல், நான்காம் வகுப்பு மட்டும் படித்த எக்காளக்காரன் கேட்ட கேள்வி அது. நாமும் கேட்போம். ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி, முதலில் நம் திடலிலே நாம் கூலி கொடுத்த பிறகுதான் நமக்கு வரும்!

தோழனே! உன் ஊரிலே ஒரு தவில்காரர் இருக்கிறார். தவிலுக்கு உறை போட்டு மூலையில் வைத்துவிட்டு, வேறு கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவரிடம் இன்னும் அந்த விரல் கூடுகள் இருக்கின்றன. ஓசை மட்டும் இல்லை. நாளை மாலை அவர் வீட்டுக்குப் போ. திண்ணையிலே உட்கார். "அண்ணே, வருகிற முதல் ஞாயிறு திடலில் வாசிக்க வேண்டும். கூலி இவ்வளவு. அன்றைக்கே தருகிறோம்" என்று சொல்.

சொல்லிவிட்டு, அவர் எழுந்து போய் அந்த உறையைப் பிரிக்கும் வரையில் காத்திரு!